தேய்மானம் அன்று, புரை

காரைக்குடியில் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண், வயது 19, நெடுந்தூர ஓட்டக்காரி. கணுக்காலுக்கு மேலே விடாத வலி. படம் எடுத்ததில் எலும்பில் மயிரிழை விரிசல், அடர்த்தியும் குறைவு. கையில் கொடுத்த தமிழ்த் தாளில் 'எலும்புத் தேய்மானம்' என்றிருந்தது. அப்பத்தா எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஓடி ஓடித் தேஞ்சுபோச்சு. ஓடுனது போதும் ஆத்தா."

அவர்மேல் தப்பில்லை. தேய்மானம் என்றால் உரசிக் குறைவது. அவர் வீட்டு அம்மி நடுவில் குழிந்திருக்கிறதே, அது. மூட்டுக் குருத்தெலும்பு தேயும் ஆஸ்டியோஆர்த்ரைடிஸுக்கு அந்தச் சொல் பொருந்தும். இது ஆஸ்டியோபோரோசிஸில் போய் முடிகிற வேறு கோளாறு. கிரேக்கத்தில் ஆஸ்டியான் எலும்பு, போரோஸ் துளை. தமிழில் புரை என்றாலும் உட்டுளைதான். புரையோடிய புண் என்கிறோம். ஆகவே எலும்புப்புரை. அப்பத்தா வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு பழைய கதவு இருக்கிறது. பார்வைக்குப் பழுதில்லை, தட்டினால் பொத்துப் பொத்தென்கிறது. உள்ளே உளுத்துவிட்டது. இந்த நோயும் அப்படித்தான்.

'தேய்மானம்தான் ஜனங்களுக்குப் புரியும்' என்பார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். புரிகிறது, தப்பாக! ஓட்டம் எலும்பைத் தேய்ப்பதில்லை. உடல் எடையைத் தாங்கிச் செய்யும் பயிற்சி எலும்பை உறுதிப்படுத்தத்தான் செய்யும். இவள் ஓடிச் செலவழித்த அளவுக்குச் சாப்பிடவில்லை. ஆற்றல் போதாதபோது மூளையின் ஹைப்போதலாமஸ், சினைப்பைக்குப் போகும் தூண்டலைக் குறைத்துவிடும். ஈஸ்ட்ரோஜன் சரியும், மாதவிலக்கு நிற்கும். எலும்பை அரிக்கும் செல்களுக்கு ஈஸ்ட்ரோஜன்தான் கடிவாளம். அது தளர்ந்தால் கட்டுவதைவிட அரிப்பது மிஞ்சும். குறைந்த உணவு, நின்ற விலக்கு, நலிந்த எலும்பு ஆகிய மூன்றையும் மருத்துவர்கள் 1992லேயே ஒரே முடிச்சாகப் பார்த்தார்கள். 2014இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அதை இன்னும் விரித்து, ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. இவளுக்கு ஐந்து மாதமாக விலக்கு இல்லை. போட்டி நேரத்தில் தொல்லை விட்டது என்று இருந்திருக்கிறாள்.

தனித்தமிழ் வெறி என்று நினைக்க வேண்டாம். ஹார்மோன் ஹார்மோனாகவே இருக்கட்டும், 'இயக்குநீர்' என்று மல்லுக்கு நிற்க மாட்டேன். ஆனால் இதே நோயை 'எலும்புருக்கி' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது காசநோயின் பழைய பெயர் ஐயா! அகராதியைப் புரட்டக்கூடச் சோம்பலா?

தாளில் தேய்மானத்தை அடித்துவிட்டுப் 'புரை' என்று எழுதிக் கொடுத்தேன். அப்பத்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"புரையா? அப்ப உள்ளுக்குள்ளதானே கோளாறு. இவ என்னதான் திங்கிறா?"