பிராக்கேஜ்: சேதாரமா, ஒட்டச்சா?

அமெரிக்காவின் பழைய செப்புச் சென்ட் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 1796 முதல் 1807 வரை பிலடெல்பியா அக்கசாலை அடித்த வகை. இன்றைய சென்ட்டை விட நன்றாகப் பெரியது, கிட்டத்தட்ட 11 கிராம் எடை. ஒரு பக்கம் லிபர்ட்டி என்னும் பெண் வலப்புறம் பார்க்கிறாள், கூந்தலில் ரிப்பன் முடிச்சு, கீழே ஆண்டு. திருப்பினால் இலை வளையமும் 'ஒரு சென்ட்' என்ற எழுத்தும் இருக்க வேண்டும். அதற்குப் பதில் அதே பெண் அங்கேயும் இருக்கிறாள். இந்த முறை இடப்புறம் பார்க்கிறாள், எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. விரலால் தடவினால் முகம் மேடாக இல்லை, குழியாக இருக்கிறது. இப்படிப்பட்ட பிழைக்காசைத்தான் சேகரிப்பாளர்கள் பிராக்கேஜ் என்கிறார்கள். இதைத் தமிழில் என்னவென்று சொல்வது?

இது எப்படி நேர்கிறது? காசு அடிக்க இரண்டு அச்சுகள் வேண்டும், ஒன்று தலைக்கு, ஒன்று பூவுக்கு. நடுவில் வெறும் செப்பு வில்லையை வைத்து அழுத்துவார்கள். அடித்த காசு சில வேளை கீழே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். யாரும் அதைக் கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அழுத்தினால், ஒட்டிய காசே அச்சாகிவிடும். அச்சில் உருவம் குழியாக இருப்பதால் காசில் மேடாக விழும். காசே அச்சானால்? அதன் மேடு புது வில்லையில் குழியாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழும். முதல் அடியில் விழும் உருவம் ஊசிமுனை போலக் கூர்மையாக இருக்கும். அப்புறம் அடிக்க அடிக்க ஒட்டிய காசு நசுங்கி விரிவதால், அடுத்தடுத்த காசுகளில் முகம் அகலமாகி மங்கிப்போகும்.

1836-இல் நீராவி அழுத்தி வரும்வரை பிலடெல்பியாவில் காசு அடித்தது கையால் சுழற்றும் திருகு அழுத்தியில்தான். ஆனால் இந்தப் பிழை அமெரிக்காவில் பிறந்ததல்ல. சுத்தியலால் அடித்த ரோமானிய வெள்ளிக் காசுகளிலும் இது நிறையவே உண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். 'பிராக்' என்றால் பழைய ஆங்கில வழக்கில் உடைந்த துண்டு, மிச்சம்மீதி. உடைதலைக் குறிக்கும் வினையின் உறவுச்சொல் அது. அதோடு 'வேஸ்டேஜ்' என்பதில் வரும் அதே 'ஏஜ்' விகுதி சேர்ந்தது. நகைக்கடையில் வேஸ்டேஜை நாம் என்னவென்று சொல்கிறோம்? சேதாரம். பிராக்கேஜின் வேர்ப்பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. பிலடெல்பியாவில் செம்பு தட்டுப்பாடாக இருந்த 1790-களில், கெட்டுப்போன சென்ட்டுகளை வெட்டிச் சிறிதாக்கி அரைச் சென்ட் அடித்தார்கள். 1795, 1797 ஆண்டு அரைச் சென்ட்டுகள் சிலவற்றில் பழைய உருவத்தின் நிழல் இன்னும் தெரிகிறது. அதுதான் நிஜமான சேதாரக் கணக்கு.

ஆனால் இன்று பிராக்கேஜ் என்ற சொல்லுக்குப் பொருள் சுருங்கிவிட்டது. எல்லாச் சேதாரமும் பிராக்கேஜ் அல்ல. ஆகவே வேரைப் பார்த்து மொழிபெயர்த்தால் பொருள் தப்பும். 'குழிவுக் காசு' என்றாலும் சரிவராது. தென் இத்தாலியின் மெட்டபோன்டம் நகரம் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பார்லிக் கதிரை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் குழியாகவும் வேண்டுமென்றே அடித்தது. அது பிழையே இல்லை. 'இருதலைக் காசு' என்றால் பூவா தலையா போட்டு ஏமாற்றும் காசு நினைவுக்கு வரும். அதில் இரண்டு தலையும் மேடு.

என் தேர்வு 'ஒட்டச்சுக் காசு'. ஒட்டிய காசே அச்சானது என்ற காரணம் பெயரிலேயே இருக்கிறது. ஒட்டுமாங்கனி என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இது புதிதாகவும் படாது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு காசுகளைப் பட்டறைப் பிடியில் வைத்து இறுக்கினாலும் இடவலம் மாறிய உருவம் விழும். அப்படிச் செய்த போலியில் குழி ஆழமிராது. அதனடியில் நசுங்கிய இலை வளையத்தின் மிச்சம் எங்காவது தெரியும். உண்மையான ஒட்டச்சில் அந்தப் பக்கம் பூ அச்சைத் தொட்டதே இல்லை, ஆகவே ஓர் இலைகூட இருக்காது. கைப்பேசியில் படமெடுத்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், எழுத்து நேராக வாசிக்க வரும். பழைய செம்பின் மேல் களிமண், மெழுகு எதையும் அழுத்திப் பார்க்காதீர்கள், மேற்பரப்பு கெட்டுவிடும்.

காசு பூ அச்சில் ஒட்டினால், வெளியே தெரிவது தலை. ஆகவே அடுத்த வில்லையில் இருபுறமும் தலைதான் விழும், அது தலை ஒட்டச்சு. தலை அச்சில் ஒட்டினால் விழுவது பூ ஒட்டச்சு. இரண்டாவது வகை என்னை அதிகம் ஈர்ப்பது, ஏனென்றால் அதில் ஆண்டே இருக்காது. ஆண்டு தலைப்பக்கம் அல்லவா இருக்கிறது. ஆனாலும் அந்தக் கால அச்சுகளைக் கையால் செய்து முடித்ததால், இலைகளும் சிறுகனிகளும் எழுத்துகளும் நிற்கும் இடம் அச்சுக்கு அச்சு வேறுபடும். எந்த இலை நுனி எந்த எழுத்தின் கீழ் முடிகிறது என்று உருப்பெருக்கியில் பார்த்து, அது எந்த அச்சில் அடித்தது, எந்த ஆண்டாக இருக்கும் என்று தேடிப்போவார்கள்.