மம்மி: மருந்துச் சரக்கின் பெயர் பிணத்துக்கு வந்த கதை

எகிப்து சாகசப் படம் என்றதும் துணிக்கட்டு அவிழ்ந்து தொங்க, கையை நீட்டியபடி நடந்து வரும் உருவம்தான் நினைவுக்கு வரும். அதை மம்மி என்கிறோம். அம்மாவை அழைக்கும் ‘மம்மி’க்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது மழலை, இது பாரசீகச் சரக்கு.

பாரசீகத்தில் ‘மூம்’ என்றால் மெழுகு. பாறை இடுக்கில் மெழுகுபோலக் கசியும் கரிய நிலக்கீலுக்கு, அதாவது தார் போன்ற பொருளுக்கு, ‘மூமியா’ என்று பெயர் வைத்தார்கள். எலும்பு முறிவுக்கு மருந்து அது. நம் சித்த மருத்துவத்தின் கன்மதம் இதற்கு நெருங்கிய சரக்கு. அரபு மருத்துவ நூல்கள் வழியாக இந்தச் சொல் இலத்தீனுக்குப் போனது. எகிப்தியக் கல்லறைகளில் கிடந்த உடல்கள் மேல் கருப்பாக இறுகியிருந்த பூச்சைப் பார்த்தவர்கள் அதுவும் நிலக்கீல்தான் என்று நம்பினார்கள், சுரண்டி விற்றார்கள். பிறகு சுரண்டுவானேன் என்று உடலையே இடித்துப் பொடியாக்கினார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருந்துக் கடைகளில் அந்தப் பொடி சாதாரணமாக விற்றது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புரோவாஸ் பாரே 1582இல் இதைக் கண்டித்து எழுதினார், வியாபாரம் நிற்கவில்லை. இப்படித்தான் மருந்தின் பெயர் பிணத்துக்கு ஏறியது.

அந்தக் கருப்புப் பூச்சில் பெரும்பாலும் இருப்பவை மரப்பிசினும் எண்ணெயும் கொழுப்பும் தேன்மெழுகும். நிலக்கீல் பிற்கால உடல்களில்தான் கூடுதலாகத் தென்படுகிறது. ஆக, சொல்லே ஆள்மாறாட்டத்தில் பிறந்தது. எகிப்தியர் தங்கள் மொழியில் இந்த உடலை ‘சாஹ்’ என்றார்கள். கண்ணியம் என்ற பொருளும் அதற்கு உண்டு.

தமிழில் என்ன சொல்வது? நமக்கு இந்த வழக்கமே இல்லை. ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்’ என்று மணிமேகலை ஐந்து வகை அடுக்குகிறது. பிணத்தைக் கெடாமல் வைத்துக்கொள்வோர் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பராமாயணத்தில் பரதன் வரும்வரை தசரதன் உடலைத் தைலத்தில் இட்டு வைத்தது சில நாள் ஏற்பாடு, அவ்வளவுதான். ‘பதப்படுத்திய உடல்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது தவறில்லை. ஆனால் பாலையும் பழச்சாற்றையும்கூடப் பதப்படுத்துகிறோம். புலித்தோலுக்கும் புகையிலைக்கும் சொல்லும் ‘பாடம் செய்தல்’ இன்னும் கச்சிதம். பாடம் செய்த உடல். அருங்காட்சியகப் பலகையில் இடம் போதாவிட்டால் ‘பதனுடல்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

கச்சிதம் என்று சொல்லக் காரணம், அந்த வேலையே கருவாடு, உப்புக்கண்டம் போடும் வேலைதான். குடல்தான் முதலில் அழுகும். ஆகவே இடது விலாவுக்குக் கீழே கீறி, ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்துத் தனித்தனிச் சாடிகளில் வைப்பார்கள். மூளையை மூக்கு வழியே கொக்கி விட்டுக் கலக்கி எடுத்து எறிந்துவிடுவார்கள். பிறகு உடலை நேட்ரான் உப்பில் புதைப்பார்கள். கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நத்ரூனில் கிடைக்கும் சோடா உப்பு இது. கரைத்து ஊற்றினால் உடல் ஊறி அழுகும். உலர்ந்த தூளாகவே மூட வேண்டும். 1994இல் எகிப்தியல் அறிஞர் பாப் பிரையரும் உடற்கூறு நிபுணர் ரான் வேடும் அமெரிக்காவின் பால்டிமோரில் தானமாக வந்த ஓர் உடலை இதே முறையில் பாடம் செய்தபோது 250 கிலோவுக்கு மேல் நேட்ரான் செலவானது, 35 நாள் பிடித்தது. எகிப்தில் பிசின் பூசி, துணி சுற்றி முடிக்க மொத்தம் 70 நாள்.

இதயத்தை மட்டும் தொடமாட்டார்கள். மறுமையில் தராசின் ஒரு தட்டில் நீதித் தெய்வம் மாஅத்தின் இறகு, மறு தட்டில் அந்த இதயம். 1999இல் வந்த ‘தி மம்மி’ படம் இங்கேதான் சறுக்குகிறது: உறுப்புச் சாடிகள் ஐந்து, அதில் ஒன்று இதயத்துக்கு! உண்மையில் சாடி நான்குதான், பருந்துத் தலைத் தெய்வம் ஹோரஸின் நான்கு மைந்தர்கள் காவல். அதே படத்தில் வில்லனாக வரும் இம்ஹோதெப், சக்காராவில் ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடை எழுப்பியவராகப் போற்றப்படுபவர். பிற்காலத்தில் மருத்துவத் தெய்வமாகவே வணங்கப்பட்டார். படம் அவரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் தள்ளி, மன்னன் முதலாம் சேத்தியின் காலத்தில் கொண்டுபோய் வைக்கிறது. ஆளைத் தின்னும் ஸ்கராப் வண்டு? அது சாணி உருட்டும் வண்டு. எகிப்தியருக்கு உதிக்கும் சூரியனின் அடையாளம்.

நடந்து வரும் காட்சியும் ஒப்பாது. விரல் விரலாகச் சுற்றி, பிறகு கையையும் காலையும் தனித்தனியே சுற்றி, கடைசியில் மொத்த உடலையும் சேர்த்துப் பிசினோடு இறுக்கிக் கட்டிய உடல் அது. கையை நீட்ட வழியே இல்லை.

‘பாடம் செய்த உடல்’ பொருந்தாத இடமும் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் எகிப்தின் கெபெலினில் கிடைத்த உடல்கள் 5,000 ஆண்டுக்கும் பழையவை. சூடான மணலில் புதைத்ததால் தாமாகவே காய்ந்தவை. யாரும் வயிற்றைக் கீறவில்லை, நேட்ரானில் புதைக்கவும் இல்லை. ஆங்கிலத்தில் அவையும் மம்மிதான். தமிழில் அவற்றை ‘காய்ந்த உடல்’ என்று பிரித்து எழுதிவிடலாம்.