வளரும் கிடேரிக்கு எந்தப் புல் சைலேஜ்?

சைலேஜுக்கு, அதாவது காற்றுப் புகாமல் குழியில் அடைத்துப் புளிக்கவைக்கும் பசுந்தீவனத்துக்கு, எந்தப் புல் நல்லது என்று கேட்பவர்களில் பலர் கறவை மாட்டை மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். அந்தப் பதில் கிடேரிக் கன்றுக்கு அப்படியே பொருந்தாது. அதன் வயிறு சின்னது, புரதத் தேவையோ அதிகம்.

150 கிலோ எடையுள்ள கிடேரி ஒரு நாளைக்குச் சுமார் 4 கிலோ உலர் பொருள் தின்னும். அதாவது, ஈரத்தைக் கழித்தபின் மிஞ்சும் தீவனம். மணி பால் பிடித்து இறுகும் பருவத்தில் வெட்டிய மக்காச்சோள சைலேஜில் உலர் பொருள் 30 முதல் 35 சதவீதம் இருக்கும். 12, 13 கிலோ போட்டால் கணக்கு சரியாகிவிடும். கம்பு நேப்பியர் புல்லை வெட்டிய கையோடு குழியில் போட்டால் 20 சதவீதம் தேறுவதே கஷ்டம். அதே 4 கிலோவுக்குக் கன்று 20 கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும். அவ்வளவு ஈரத் தீவனத்தைத் தின்று தீர்க்க அதனால் முடியாது. தொப்பை சரிந்து, முதுகெலும்பு துருத்தி நிற்கும் கன்றுக்குக் குடற்புழு மருந்து கேட்டு வருபவர்களிடம் நான் தீவனத் தொட்டியையும் காட்டச் சொல்கிறேன்.

அதற்காக நேப்பியரை ஒதுக்க வேண்டியதில்லை. நன்றாக விளையும் புல் அது. முற்றவிடாமல் வெட்டி, வெயிலில் வாடவிட்டு, 2 சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்குங்கள். தண்டு தடிப்பு என்பதால் மேலே இலை காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். நறுக்கிய புல்லை ஒரு கைப்பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சாறு சொட்டினால் இன்னும் வாட வேண்டும். கையை விரித்ததும் உருண்டை மெதுவாகப் பிரிந்தால் குழிக்குத் தயார். நேப்பியரில் சர்க்கரை குறைவு என்பதால் 100 கிலோவுக்கு 2 முதல் 4 கிலோ வெல்லப்பாகு சேர்ப்பது நல்லது. ஈரம் மிஞ்சிய குழி திறக்கும்போதே குமட்டும். அதைக் கன்று சீண்டாது.

கினியா புல்லிலும் சர்க்கரை குறைவுதான். ஆனால் தண்டு மெல்லியது, சீக்கிரம் வாடும், இலையும் நிறைய. சின்னக் கன்றுகளுக்கு நேப்பியரைவிட இதைத்தான் நான் சொல்வேன்.

சோளத்தை மணி மாவு கட்டும் பருவத்தில் வெட்டுங்கள். இளம் பயிரில் சயனைடு நச்சுக்கு வாய்ப்பு உண்டு. முற்றிப்போனால் மணி செரிக்காமல் சாணத்தோடு வந்துவிடும்.

சரி, மக்காச்சோளம் மட்டும் போதுமா? போதாது. அதன் உலர் பொருளில் புரதம் 7 முதல் 9 சதவீதம்தான். வளரும் கிடேரியின் மொத்தத் தீவனத்தில் 14 சதவீதமாவது வேண்டும். மாவுச்சத்து மட்டும் மிஞ்சினால் எலும்பும் தசையும் வளர வேண்டிய வயதில் கொழுப்பு ஏறும். பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. மடியில் படியும் கொழுப்பு பின்னால் பாலைக் குறைக்கும். எந்தப் புல் சைலேஜாக இருந்தாலும் காராமணி, குதிரைமசால், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனமோ புண்ணாக்கோ சேர்த்தே கொடுங்கள். அப்புறம், தாது உப்புக் கலவையை மறக்க வேண்டாம். இந்தப் புற்களில் சுண்ணாம்புச் சத்து போதுமானதாக இராது.

மூன்று மாதத்துக்குள் இருக்கும் கன்றுக்கு சைலேஜ் வேண்டாம். பூசணம் பிடித்ததை எந்த வயதிலும் போடாதீர்கள். புதுப் புல்லுக்கு மாறும்போது ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். மாதம் ஒருமுறை மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். புல்லை மாற்றியது பலன் தந்ததா என்று அந்த அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள், வயிற்றின் பருமனைப் பார்த்து வேண்டாம்.