எழுத்தறிவுச் சான்றிதழ்: கையில் வாங்கும் முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வங்கிக்குப் போனார். சீட்டில் தன் பெயரை நிதானமாக எழுதிக் கொடுத்தார். மாலை வகுப்புக்குப் போய்க் கற்ற எழுத்து. ஊழியர் கணினியைப் பார்த்துவிட்டு மை டப்பாவை நகர்த்தினார். "உங்க கணக்குல கைரேகைதாம்மா இருக்கு." பையிலிருந்து சான்றிதழை எடுத்துக் காட்டியும் பலனில்லை. அன்றும் கைநாட்டுத்தான். மாதிரிக் கையெழுத்தை மாற்ற ஒரு மனு கொடுத்தால் போதும் என்று அங்கே ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட மாலை வகுப்புகளை நடத்தும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது, 2027 வரைக்குமானது. எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயது நிறைந்த யாரும் சேரலாம். பாடம் நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். கட்டணம் எதுவும் கிடையாது, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சிக்கல், எழுதப் படிக்கத் தெரியாதவர்களைத் தேடும் கணக்கெடுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. "கையெழுத்துப் போடுவீங்களா?" என்று கேட்பார்கள். பெயரை மட்டும் கோலம்போல வரையப் பழகியவர்கள் கூச்சத்தில் "போடுவேன்" என்பார்கள். அதோடு பட்டியலில் பெயர் விழாது. பஸ் பலகையைப் படிக்க முடியாத, ரேஷன் பில்லில் உள்ள தொகையைச் சொல்ல முடியாத அம்மா உங்கள் வீட்டில் இருந்தால், "படிக்கத் தெரியாது" என்றே சொல்லச் சொல்லுங்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் வட்டார வள மையத்தை (வட்டார அளவிலான கல்வி அலுவலகம்) கைகாட்டுவார், அங்கே போனால் பள்ளிக்கே திருப்பி அனுப்புவார்கள். வாய்வார்த்தையில் அலையாமல் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

பதியும்போதே பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சான்றிதழ் வந்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்துவதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும்.

சான்றிதழுக்கான தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா 50. ஒவ்வொன்றிலும் 33 விழுக்காடு எடுக்க வேண்டும். நன்றாக வாசிப்பவர்கள்கூடக் கணக்கில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். குறைந்தால் மறுபடி எழுதலாம். அதை யாரும் 'ஃபெயில்' என்று சொல்ல விடாதீர்கள், அந்த ஒரு சொல்லோடு வகுப்பை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. தேர்வு நாளன்று பேரனுக்குக் காய்ச்சல் என்று வராமல் போனவரின் மாதக்கணக்கான உழைப்புக்குக் கையில் ஒரு தாளும் மிஞ்சுவதில்லை. ஆகவே நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் நாள் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் தேதி போட்டுத் தன்னார்வலரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அடுத்த முறை மறுபடி 'அ'வில் உட்கார வைத்தால் எடுத்துக் காட்டலாம்.

இந்தச் சான்றிதழ் எட்டாம் வகுப்புக்குச் சமம் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். எட்டாம் வகுப்பு வேண்டுமென்றால் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8-ம் வகுப்புகளுக்கு இணையான நிலைகளில் சேரலாம். வாடகை வண்டி, லாரி லைசென்ஸுக்காக மட்டும் என்றால் அதுவும் வேண்டாம், எட்டாம் வகுப்பு நிபந்தனையை 2019-லேயே எடுத்துவிட்டார்கள்.

வங்கிக்குப் போகும்போது பாஸ்புக், ஆதார், புகைப்படத்தோடு மாதிரிக் கையெழுத்து மாற்றக் கோரும் மனுவையும் கொண்டுபோங்கள். அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்பதால் கணக்கு வைத்திருப்பவரே நேரில் வர வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்றால் மனு நகலில் முத்திரை வாங்காமல் கிளம்பாதீர்கள்.