குளிர் வந்தால் உண்ணி சாகாது

"படை மாதிரி ஒண்டு வந்திருக்குப் பிள்ளை, பூசுறதுக்கு ஒரு கிறீம் தாருங்கோ" என்று போன வியாழக்கிழமை ஒரு அம்மா எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் பார்த்தேன். முழங்காலுக்குப் பின்பக்கம், உள்ளங்கையை விடப் பெரிதாக, கண்டிப்போனது போல நாவல்பழ நிறத்தில் ஒரு வட்டம். அரிக்கிறதா என்று கேட்டேன், இல்லை. செதில் உரிகிறதா, இல்லை. நோகிறதா, அதுவும் இல்லை. படை என்றால் அரிக்கும், ஓரத்தில் செதில் நிற்கும். இது படை இல்லை, உண்ணி கடித்து வருகிற லைம் நோயாக இருக்கலாம் என்று தெரிந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "கடைசியா எப்ப பார்க் பக்கம் போனீங்கள் அம்மா?" என்றேன். "அது ரெண்டு கிழமைக்கு முன்னம், தாங்ஸ்கிவிங்குக்கு, மகனாக்களோட ரூஜுக்கு இலை பாக்கப் போனனாங்கள்." பூச்சி ஏதும் கடித்ததா என்று கேட்டபோதுதான், நான் வருடாவருடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அந்தப் பதில் வந்தது.

"குளிருக்குள்ள என்ன பூச்சி பிள்ளை?"

இந்த ஒக்டோபரில் இதே வசனத்தை என்னிடம் சொன்ன நான்காவது ஆள் அவர். அதனால்தான் வேலை முடிந்து வந்து இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வெளியே போகாதீர்கள் என்று நான் எழுத வரவில்லை. இந்த நாலைந்து கிழமை எனக்கும் உயிர். ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்து ரூஜ் பள்ளத்தாக்கில் மேப்பிள் மரங்கள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, ஒரு காற்று அடித்தால் மொத்தமாகக் கொட்டும்போது கீழே நின்று பார்ப்பதற்கு ஈடாக இந்த ஊரில் வேறொன்று கிடையாது. ஃபிளாஸ்கில் தேத்தண்ணி, கடையில் சுடச்சுட வாங்கிய மீன் ரோல்ஸ், ஊரிலிருந்து சுப்பர் விசாவில் வந்த அம்மம்மாவுக்கு முதல் தடவையாக இலை நிறம் மாறுவதைக் காட்டுகிற மகிழ்ச்சி, பிள்ளைகள் இலையைக் குவித்து அதற்குள் குதிப்பது, காஞ்சிபுரம் சேலையோடு சருகுக்கு மேல் அமர்ந்து எடுக்கிற குடும்பப் படம், இதெல்லாம் நாங்கள் இங்கே வந்து சேர்த்துக்கொண்ட சின்னச் சின்னச் சந்தோசங்கள். விடவே வேண்டாம். ஆனால் நீங்கள் குதிக்கிற, அமர்கிற, படுத்துப் படம் எடுக்கிற அந்தச் சருகுதான் உண்ணியின் வீடு. இதைத் தெரிந்துகொண்டு போங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

நான் சொல்வது கருங்கால் உண்ணி, மான் உண்ணி என்றும் சொல்வார்கள். லைம் நோயைக் கொண்டுவருவது இதுதான். லைம் என்றதும் தேசிக்காயா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை, அது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். 1975-ல் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளைகளுக்கு வரிசையாக முழங்கால் வீங்கியபோது, இது தற்செயல் இல்லை என்று விடாமல் சொல்லி அதிகாரிகளை ஆராய வைத்தவர்கள் அங்கே வாழ்ந்த தாய்மார். இந்த நோயின் கிருமியை விஞ்ஞானி வில்லி பர்க்டோர்ஃபர் கண்டுபிடித்து வெளியிட்டது 1982-ல்.

சரி, குளிர் விசயத்துக்கு வருவோம். இதை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். நுளம்பு குளிர் வந்ததும் காணாமல் போகிறது, ஆகவே கடிக்கிற எல்லாமே போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்ணி நுளம்பு இல்லை. இந்த உண்ணியின் வாழ்க்கை ஏறத்தாழ 2 வருடம். கோடையில் ரவைக் குறுணி அளவில் திரிகிற குஞ்சுகள், எலி போன்ற சின்ன விலங்குகளில் இரத்தம் குடித்து, தோல் உரித்து, வளர்ந்த உண்ணியாக வெளியே வருவது எப்போது தெரியுமா? இலையுதிர் காலத்தில். அதாவது ஜூலையில் இல்லாத ஒரு புதுக் கூட்டம், எள்ளு அளவில், பசியோடு, சரியாக நீங்கள் இலை பார்க்கப் போகிற ஒக்டோபர், நவம்பரில் புல் நுனியிலும் சருகிலும் காலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு வேண்டியது ஒரு மான். மான் வராவிட்டால் நீங்கள், இல்லாவிட்டால் உங்கள் நாய்.

வெப்பநிலை உறைநிலைக்கு மேலே ஏறி 4 டிகிரி பக்கம் வந்தாலே அதற்குப் போதும், நடமாடத் தொடங்கிவிடும். ரொறன்ரோவில் ஒக்டோபர் மாதத்துப் பகல் சராசரியாக 14 டிகிரி. நீங்கள் ஜக்கெற் போட்டிருப்பதால் உங்களுக்கு அது குளிர், உண்ணிக்கு அது நல்ல காலநிலை. பனி கொட்டினால் செத்துவிடும்தானே என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் சாகாது. சருகுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும், மேலே விழுகிற பனி அதற்குப் போர்வை மாதிரி. ஜனவரியில் இரண்டு நாள் பனி உருகி வெயில் எறித்தால் எழும்பி வரும், இல்லாவிட்டால் மார்ச், ஏப்ரல் வரை காத்திருந்து மறுபடி புல்லில் ஏறும். ஆகவே "குளிர் வந்திட்டுது" என்பதை உண்ணி இல்லை என்பதற்குச் சாட்சியாக என்னிடம் கொண்டுவராதீர்கள்.

இன்னொன்று, இது எங்கோ தூரக் காட்டு விசயமும் இல்லை. முன்பு ஒன்ராறியோவில் இந்த உண்ணி என்றால் ஈரி ஏரிக் கரையில் உள்ள லோங் பொயின்ற் பக்கம்தான். இப்போது கிங்ஸ்ரன், ஒட்டாவா என்று பரவி, எங்கள் ஸ்காபரோவில் ரூஜிலும் மோர்னிங்சைட் பூங்காவிலும் குடியிருக்கிறது. கனடா முழுவதும் 2009-ல் கணக்கில் வந்த லைம் நோயாளர்கள் 144 பேர், 2021-ல் அது 3,000-ஐத் தாண்டிவிட்டது. "எங்கட வீட்டில நாய் இல்லை" என்பதும் காப்பாற்றாது. உண்ணி பறக்காது, பாயாது, மரத்திலிருந்து தலையில் விழாது. நீங்கள் உரசிக்கொண்டு போகிற புல்லிலிருந்தும் அமர்கிற சருகிலிருந்தும் பேசாமல் ஏறிக்கொள்ளும். கடிக்கிறபோது நோகாது, அதுதான் பெரிய சிக்கல்.

கடித்திருப்பதைக் கண்டால் என்ன செய்வது? இங்கேயும் எனக்குக் கோபம் வருகிறது. வாஸ்லின் பூசிக்கொண்டு வருகிறார்கள், நெருப்புக்குச்சியால் சுட்டுக்கொண்டு வருகிறார்கள், ஊரில் நாய்க்கு மண்ணெண்ணெய் தொட்டு வைத்த நினைவில் இங்கே நகப்பூச்சு கழுவுகிற திரவத்தை ஊற்றிக்கொண்டு வந்தவரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உண்ணியைத் தொந்தரவு செய்தால் அது வயிற்றில் இருப்பதை உங்கள் உடம்புக்குள்ளேயே கக்கக்கூடும். கூர்நுனிச் சாமணம் ஒன்று வீட்டில் இருக்கட்டும். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலோடு ஒட்டித் தலைப்பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல், நேராக, நிதானமாக மேலே இழுங்கள். வாய்த்துண்டு உள்ளே நின்றுவிட்டால் கிண்டாதீர்கள், தோலே வெளியே தள்ளிவிடும். சோப் போட்டுக் கழுவுங்கள். பிறகு உண்ணியை நசுக்காமல், கழிப்பறையில் போடாமல், சிப் பையிலோ சின்னப் போத்தலிலோ போட்டுத் திகதியை எழுதி வையுங்கள். படம் எடுத்து இ-டிக் இணையதளத்துக்கு அனுப்பினால் என்ன வகை உண்ணி என்று பார்த்துச் சொல்வார்கள். நாய் உண்ணி என்கிற வேறு வகை என்றால் லைம் பயம் இல்லை.

இனி நேரக் கணக்கு. கிருமி உடம்புக்குள் போவதற்குப் பொதுவாக உண்ணி 24 மணித்தியாலத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். அதனால்தான் அன்றிரவே உடம்பைப் பார் என்று நச்சரிக்கிறேன், அன்றே எடுத்துவிட்டால் பெரும்பாலும் கதை அதோடு சரி. எள்ளு மாதிரித் தட்டையாக இருந்தால் புதிதாக ஏறியது. உழுந்து மாதிரி உப்பிச் சாம்பல் நிறமாக இருந்தால் நாள் கடந்துவிட்டது, உடனே வாருங்கள். கருங்கால் உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்ததென்றால், அதை எடுத்து 72 மணித்தியாலத்துக்குள் ஒரே ஒரு வேளை டொக்சிசைக்கிளின் என்ற கிருமிகொல்லி மருந்து, பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம், நோயைத் தடுக்கக் கொடுப்பதுண்டு. 2023 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் மருந்தாளர்களாகிய நாங்களே இதை எழுதித் தரலாம், குடும்ப மருத்துவரின் சந்திப்புக்காகக் காத்திருந்து அந்த 72 மணித்தியாலத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை, எனக்கு அது பெரிய மனக்குறை. கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் என்றால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள், அவர்கள் விசயம் வேறு. மருந்தை ஒரு கிளாஸ் தண்ணீரோடு குடியுங்கள், குடித்ததும் போய்ப் படுக்காதீர்கள், தொண்டைக்குழாய் புண்ணாகும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

கடித்த அன்றே "இரத்தம் சோதிச்சுப் பாக்கலாமே" என்பார்கள். அப்போது சோதித்துப் பயனில்லை. சோதனை தேடுவது உடம்பு உருவாக்குகிற எதிர்ப்பொருளை, அது உருவாகச் சில கிழமை எடுக்கும். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த தாளை நம்பித் தோலைப் பார்க்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

தோல் என்றதும் எங்கள் ஆட்களுக்கென்று தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. கடித்து 3 நாளிலிருந்து 30 நாளுக்குள், பெரும்பாலானவர்களுக்குக் கடித்த இடத்தில் தடிப்பு வந்து மெல்ல மெல்லப் பெருக்கும், 5 சென்ரிமீற்றரைத் தாண்டும். இணையத்தில் தேடினால் வருகிற படங்களில் வெள்ளைத் தோலில் இலக்குப் பலகை மாதிரிச் சிவப்பு வளையம் இருக்கும். எங்கள் மாநிறத் தோலில் அப்படித் தெரியாது. கண்டல் மாதிரி, ஊதாவாகவோ கறுத்தோ, பல நேரம் நடுவில் வளையமே இல்லாமல் ஒரே நிறமாக இருக்கும். அரிப்பும் இல்லை, நோவும் இல்லை, ஆகவே எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்றோ படை என்றோ நினைத்துக் கிறீம் பூசுகிறோம். அது பெருக்கிறதா என்று தெரிய, பேனையால் ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டு, தினமும் படம் எடுங்கள். கோட்டைத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள், அந்தக் கட்டத்தில் என் ஒரு வேளை மருந்து போதாது. நேரத்தோடு போனால் இரண்டு கிழமையளவு மாத்திரையோடு பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். விட்டால்தான் மூட்டு வீக்கம், நெஞ்சுத் துடிப்பில் கோளாறு, முகம் ஒரு பக்கம் கோணுவது எல்லாம். ஒரு அண்ணருக்கு அப்படி முகம் கோணியபோது, கார்க் கண்ணாடியைத் திறந்து ஓடினதால் குளிர்காற்று அடித்துவிட்டது என்று சொல்லி எண்ணெய் தடவிக்கொண்டு 5 நாள் வீட்டில் இருந்தார். முகம் கோணினால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம், ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்காதீர்கள்.

போகும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாதையின் நடுவால் நடங்கள். நீளக் காற்சட்டையைச் சொக்ஸுக்குள் செருகுங்கள், பார்க்க வடிவில்லை என்றாலும் செருகுங்கள். டீட் அல்லது இக்காரிடின் உள்ள பூச்சிவிரட்டியைக் கணுக்காலிலும் அடியுங்கள். சேலையோடு படம் எடுக்கத்தான் வேண்டும் என்றால் கீழே ஒரு விரிப்பைப் போடுங்கள், வெறுங்காலோடு சருகில் நிற்காதீர்கள், உள்ளே லெகிங்ஸ் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடுப்பைத் தோய்க்க முதல் டிரையரில் கடும் சூட்டில் 10 நிமிடம் போடுங்கள், குளிர்தண்ணீரில் தோய்த்தால் உண்ணி தப்பிவிடும். 2 மணித்தியாலத்துக்குள் குளியுங்கள். பிறகு பார்க்க வேண்டிய இடங்கள்: முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, தொப்புள், இடுப்புப் பட்டி இறுகுகிற இடம், அக்குள், காதுக்குப் பின்னால், தலைமயிர். எங்கள் பிள்ளைகளின் அடர்ந்த தலைமயிருக்குள் எள்ளைத் தேடுவது லேசான வேலை இல்லை, பேன் பார்ப்பது மாதிரி இருத்தி வைத்துப் பொறுமையாகப் பாருங்கள். அம்மம்மா, அம்மப்பாவையும் பாருங்கள். இதைத்தான் மன்றாடிக் கேட்கிறேன், அவர்கள் வெட்கத்தில் சொல்ல மாட்டார்கள், கண்பார்வையும் போதாது, விசாவில் வந்திருக்கிறோம், பிள்ளைகளுக்கு ஏன் செலவு என்று நோயையும் மறைப்பார்கள்.

அந்த அம்மாவை அன்றே மகனுக்கு அழைப்பு எடுத்து மருத்துவரிடம் அனுப்பினேன், மருந்து தொடங்கிவிட்டார். அதே பயணத்தில் போன பேரப்பிள்ளைகளின் உடம்பை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்து, அதையும் பார்க்கச் சொன்னேன்.

வருகிற சனிக்கிழமை வெயிலாம், 12 டிகிரி. ரூஜில் கார் நிறுத்த இடம் இருக்காது, அவ்வளவு பேர் போவீர்கள். போய்விட்டு வாருங்கள். உடம்பில் ஏதாவது ஒட்டியிருந்தால் எடுத்து, பையில் போட்டு, திகதி எழுதிக் கொண்டுவாருங்கள், ஞாயிற்றுக்கிழமையும் மாலை 6 மணி வரை கடையில்தான் நிற்பேன்.