மஞ்சள் சாயமும் ஒளி புகும் தோலும்

காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளியைக் கடத்துவதற்குக் காரணம், நார்களுக்கு இடையே இருந்த காற்றை விலக்கி, ஒளிவிலகல் எண் (ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் அளவு) ஏறத்தாழ நார்களுடையதைப் போன்றே உள்ள எண்ணெய் அங்கே நிரம்பிவிடுவதுதான். தோலை ஒளி புகும்படி மாற்றும் வேதிப்பொருள்களும் இவ்வழியிலேயே செயல்படுகின்றன.

தோலின் நிறமியான மெலனினும் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினும் ஒளியை உறிஞ்சுகின்றன என்றாலும், சிவப்பு ஒளிக்கும் அதை அடுத்த அகச்சிவப்புக் கதிர்களுக்கும் பெருந்தடையாக இருப்பது சிதறலே. திசுவில் உள்ள நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33, கொலாஜன் என்ற புரத நார்களுக்கும் கொழுப்புக்கும் அது 1.4-ஐத் தாண்டும். இவ்விரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் ஒளி சற்றே திசைமாறுவதால், ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைக் கடப்பதற்குள் அது தன் பாதையை முற்றிலும் இழந்துவிடுகிறது.

ஒளிவிலகல் எண் 1.47 கொண்ட கிளிசரால் என்ற திரவம் திசுவுக்குள் சென்றால், சவ்வூடுபரவலால் நீர் வெளியேறி நார்கள் நெருங்குகின்றன. எஞ்சிய திரவத்தின் எண்ணும் உயர்கிறது. ஆனால் தோலின் வெளிப்புறத்தில் உள்ள இறந்த செல்களின் அடுக்கு எதையும் எளிதில் உள்ளே விடுவதில்லை. ஆகவே நுண்ணூசிகள், மீயொலி, ஊசிவழிச் செலுத்துதல் ஆகியவற்றை நாட வேண்டியிருக்கிறது. செறிவு மிகுந்தால் நீரிழப்பால் திசுவே பாதிக்கப்படும்.

2024-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இத்துறையிலேயே வியப்புக்குரியது என்பேன். உணவுக்கு மஞ்சள் நிறமூட்டும் டார்ட்ராசின் என்ற சாயத்தின் அடர்கரைசலை, முடி நீக்கிய எலிகளின் தோலில் தேய்த்தபோது, வயிற்றின் வழியே குடலின் அசைவும், உச்சந்தலையின் வழியே மூளையின் இரத்தக்குழாய்களும் புலப்பட்டன. ஒளியை உறிஞ்சும் சாயம் ஒளிக்கு வழிவிடுவது முரணாகத் தோன்றலாம். ஒளி உறிஞ்சலையும் ஒளிவிலகலையும் இணைக்கும் இயற்பியல் விதிகளான கிராமர்ஸ்–குரோனிக் தொடர்புகளின்படி, ஒரு பொருள் நீல ஒளியை வலுவாக உறிஞ்சினால், அதைவிட நீண்ட அலைநீளங்களில், அதாவது சிவப்புப் பகுதியில், அதன் ஒளிவிலகல் எண் உயர்ந்தாக வேண்டும். சாயம் கரைந்த நீரின் எண் இவ்வாறு கொழுப்பு, புரதங்களின் எண்ணை நெருங்கியதும் சிதறல் தணிகிறது. நீரால் கழுவினால் தோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மனிதத் தோல் எலியின் தோலைவிடப் பல மடங்கு தடிமனானது என்பதால், சாயம் போதிய ஆழத்துக்குச் செல்வதே முதல் சிக்கல். மேலும், இவ்வாறு திறக்கும் சன்னல் சிவப்பு ஒளிக்கு மட்டுமே உரியது. நீல ஒளியில் பார்த்தால் சாயம் ஏறிய அதே தோல் முன்பைவிட இருண்டே தெரியும்.