ரப்பர் வாலுக்கு உயிர் கொடுப்பது எது?

மாரத்தஹள்ளியில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆம்பூர் பக்கத்துக்காரர், ஊர் ஏரியில் விரால் பிடித்து வளர்ந்தவர், இப்போது பெங்களூரில் ஐ.டி. வேலை, அடுத்து டல்லாஸுக்கு ஆன்சைட். “அங்கே போனால் பெரிய பாஸ் ஒன்று பிடிக்காமல் திரும்புவதில்லை என்று இருக்கிறேன் சார். எல்லாரும் ஸ்விம்பெய்ட் வாங்கு என்கிறார்கள். விலையைப் பார்த்தால் ஒரு பொம்மை மீனுக்கு என் அரை மாத வாடகை கேட்கிறான். அந்தக் காசுக்கு அதில் அப்படி என்ன அறிவியல் இருக்கிறது? சல்லிசாக ஆரம்பிக்க வழி உண்டா?”

வழி உண்டு. அந்தப் பொம்மையில் முக்கால்வாசி வேலையைச் செய்வது பெயின்ட் இல்லை, வால். வாலின் இயற்பியலுக்கு யாரும் காசு வாங்குவதில்லை.

பாஸ் என்று இங்கே சொல்வது லார்ஜ்மவுத் பாஸ். வட அமெரிக்க நன்னீர் மீன், பெரிய வாய், பதுங்கிப் பாய்கிற சாதி. குணத்தில் நம் விராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம், உறவு எதுவும் கிடையாது. ஸ்விம்பெய்ட் என்பது நிஜ இரை மீனின் அளவிலும் வடிவத்திலும் செய்த, இழுத்தால் நீந்துகிற பொம்மை. கலிபோர்னியாவின் நீர்த்தேக்கங்களில் அரசு கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டுகளைத் தின்று அங்குள்ள பாஸ்கள் கொழுத்தன, அதைப் பார்த்த தூண்டில்காரர்கள் ட்ரவுட் அளவுக்கே பொம்மை செய்யத் தொடங்கினார்கள், பெரிய ஸ்விம்பெய்ட் மோகம் அங்கிருந்துதான் பரவியது. காரணம் எளிது. ஒரு தடவை பாய்வதற்கு ஆகும் சக்தியை விட வாயில் விழுவது அதிகமாக இருக்க வேண்டும். உடம்பு பெருக்கப் பெருக்க, விரல் நீள மீனைத் துரத்துவது கட்டுப்படியாகாது. பெரிய பொம்மைக்கு அடிக்கடி கடி விழாது, விழுந்தால் பெரிதாக விழும்.

சரி, வாலுக்கு வருவோம்.

கடையில் கிடைப்பவற்றில் விலை குறைந்த வகை, வால் நுனியில் சின்னத் துடுப்பு மாதிரி ஒரு தட்டை உள்ள மென்மையான ரப்பர் மீன். ரப்பர் என்று பழக்கத்தில் சொல்கிறோம், உண்மையில் அது இளக்கி என்ற மென்மையாக்கும் பொருள் கலந்த பி.வி.சி. பிளாஸ்டிக். இதில் மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. நீங்கள் நேர்கோட்டில் இழுக்கிறீர்கள், அது பக்கவாட்டில் ஆடுகிறது. நேராக இழுக்கிற விசையில் இருந்து இடவல ஆட்டம் எங்கிருந்து வருகிறது? எனக்கு இந்தக் கேள்வி மேல் தீராத காதல், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

தட்டையின் மீது தண்ணீர் மோதுகிறது. விளிம்பைச் சுற்றி வளைந்து போக முடியாமல் பிய்ந்து, பின்னால் சுருண்டு ஒரு சுழலாகிறது. இரண்டு விளிம்பிலும் சுழல் உருவாகும், ஆனால் இரண்டும் சமமாக வளர்வதில்லை. துளி ஏற்றத்தாழ்வு போதும், வலப்பக்கச் சுழல் முந்திக்கொள்ளும். அது பெருக்கும்போது எதிர்ப்பக்கத் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும், அந்த இழுப்பே அதன் தொப்புள்கொடியை அறுத்துவிட, கழன்று பின்னால் போகும். இப்போது இடப்பக்கத்தின் முறை. இப்படி வலம், இடம், வலம், இடம் என்று சுழல்கள் வரிசையாகக் கழன்று போகும் தடத்துக்கு கார்மன் சுழல் தெரு என்று பெயர். தியோடர் வான் கார்மன் 1911, 1912 வாக்கில் இதற்குக் கணக்கு எழுதினார். நவம்பரில் பெங்களூர் ஆட்டோக்களில் கட்டியிருக்கும் மஞ்சள் சிவப்புக் கொடி, வண்டி நேராகத்தான் ஓடுகிறது என்றாலும் படபடவென்று இரண்டு பக்கமும் அடிக்கிறதே, ஏறக்குறைய அதே குடும்பத்து விவகாரம்.

சுழல் இருக்கும் பக்கம் அழுத்தம் குறையும். தட்டை அந்தப் பக்கம் இழுபடும். தட்டைக்கு முன்னால் வால் மெலிந்து, வளைவதற்குத் தோதாக இருக்கிறது, எனவே வால் சாய்கிறது. சாய்ந்ததும் அடுத்த சுழல் எங்கே பலமாகப் பிறக்கும் என்பது மாறுகிறது, ரப்பரின் இழுவையும் சேர்ந்து வாலை எதிர்த்திசைக்குத் திருப்புகிறது. சுழல் வாலை ஆட்ட, வால் சுழலை முறைப்படுத்த, இரண்டும் ஒரே தாளத்தில் பூட்டிக்கொள்கின்றன. வால் ஒரு பக்கம் போனால் உடம்பு எதிர்ப்பக்கம் லேசாக உருளும். அந்த உருளலில்தான் வெள்ளை வயிறு பளிச் பளிச்சென்று தெரியும்.

அந்தத் தாளம் எவ்வளவு வேகம்? 1878இல் வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால் என்ற செக் இயற்பியலாளர், காற்றில் கம்பிகள் ஏன் பாடுகின்றன என்று ஆராய்ந்து ஒரு விகிதத்தைக் கண்டார். நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதைப் பொருளின் அகலத்தால் பெருக்கி ஓட்ட வேகத்தால் வகுத்தால், உருளைக்குச் சுமார் 0.2 வரும், தட்டைக்குச் சற்றுக் குறையும். நம் ரப்பர் மீனுக்கு 0.2 என்றே போட்டுப் பார்ப்போம். 15 செ.மீ. நீளம், 2 செ.மீ. தட்டை, நொடிக்கு 40 செ.மீ. வேகத்தில் இழுக்கிறோம். நொடிக்கு 4 துடிப்பு வருகிறது. வளைகிற வாலுக்கு இது தோராயக் கணக்குதான்.

இப்போது நிஜ மீன். 1958இல் பெயின்பிரிட்ஜ் என்பவர் மீன்களைச் சக்கர வடிவத் தொட்டியில் நீந்தவிட்டுப் படமெடுத்து அளந்தார். மீன் வேகம் கூட்டுவது பெரும்பாலும் வாலை அகலமாக வீசி அல்ல, அடிக்கடி வீசி. ஒரு வாலடிக்குத் தன் உடல் நீளத்தில் 0.6, 0.7 பங்கு முன்னேறுகிறது. ரொம்ப மெதுவாக நீந்தும்போது கணக்கு கொஞ்சம் பிசகும், பரவாயில்லை. 15 செ.மீ. மீன் ஒரு அடிக்குச் சுமார் 10 செ.மீ. போகும். நொடிக்கு 40 செ.மீ. என்றால்? அதே 4 துடிப்பு!

இது ஏதோ ஒரு வேகத்தில் நடக்கும் தற்செயல் என்றால் நான் இவ்வளவு குதிக்க மாட்டேன். இரண்டு இடத்திலும் துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதம். வேகத்தை இரட்டித்தால் ரப்பரும் இரட்டிக்கும், மீனும் இரட்டிக்கும். மூளை இல்லாத ஒரு பிளாஸ்டிக் துண்டு, நீங்கள் எப்படி இழுத்தாலும் அந்த வேகத்துக்குப் பொருத்தமான தாளத்தில் வாலடிக்கிறது, தட்டையின் அகலம் உடல் நீளத்தில் ஏழெட்டில் ஒரு பங்காக இருந்தால் போதும். கடையில் இதை மட்டும் கண்ணால் அளந்து பாருங்கள். பெரிய உடம்புக்குப் பொடி வால் இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள்.

இதைக் கேட்கிற காது மீனின் விலாவில் இருக்கிறது. ரஸ்ஸல் மார்க்கெட்டில் கட்லாவையோ கொடுவாவையோ பக்கவாட்டில் பார்த்தால் செவுளில் இருந்து வால் வரை ஒரு கோடு ஓடும். அந்தச் செதில்களில் துளைகள், அடியில் ஒரு குழாய், குழாய்க்குள் சிறு சிறு உணர்மொட்டுகள். தோலின் மேற்பரப்பிலும் தனியாக மொட்டுகள் உண்டு. ஒவ்வொரு மொட்டிலும் மயிர்ச்செல்கள், அவற்றின் மேல் ஜெல்லியால் ஆன குல்லாய். தண்ணீர் அசைந்தால் குல்லாய் சாயும், மயிர் வளையும், ஒரு பக்கம் வளைந்தால் நரம்பில் துடிப்பு கூடும், எதிர்ப்பக்கம் வளைந்தால் குறையும். தோல் மேல் இருப்பவை ஓட்டத்தின் வேகத்தை உணர்கின்றன, குழாய்க்குள் இருப்பவை வேகமாற்றத்தை. சுழல் தெரு ஒன்று விலாவைக் கடந்தால், இத்தனை பெரிய உடம்பு, இந்தத் திசை, இவ்வளவு வேகம் என்று மேனியிலேயே எழுதிவிட்டுப் போகும். 2001இல் வெளியான ஒரு ஆய்வில், கும்மிருட்டில் ஐரோப்பியப் பெருங்கெளுத்தி, குப்பி மீன் விட்டுச்சென்ற நீர்த்தடத்தை 10 நொடி கழித்தும் மோப்பநாய் கணக்காகத் தொடர்ந்து போய்ப் பிடித்தது.

நம் உள்காதில் இருப்பதும் இதே மயிர்ச்செல்தான். மீனுக்கு அது செத்தால் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. பல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் வரிக்குதிரை மீன் வளர்க்கிறார்கள் என்றால் “வரிப்பணத்தில் மீன் தொட்டியா” என்று கேட்பவர்கள் உண்டு. உலகமெங்கும் செவிட்டுத்தன்மை ஆராய்ச்சியில் பாதி நம்பிக்கை அந்தப் பொடி மீனின் விலாவில்தான் இருக்கிறது. விமானக் காற்றுச் சுரங்கங்களுக்கு இந்த ஊர் செலவழித்ததில் எனக்கு மகிழ்ச்சியே, ஆனால் நம் ஆற்று மீன்கள் எப்படி நீந்துகின்றன என்று அளக்க அதில் நூறில் ஒரு பங்கு கொடுத்தால்கூட நான் வாயை மூடிக்கொள்வேன்.

ஒரு எச்சரிக்கை. விலாக்கோடு கிட்டத்தில்தான் வேலை செய்யும், தன் உடம்பு நீளத்துக்கு ஒன்றிரண்டு மடங்கு தூரம். அதற்கு அப்பால் இருந்து பொம்மையைக் கவனிப்பது கண். அப்படியானால் நிறம் முக்கியம் இல்லையா? 2019இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லார்ஜ்மவுத் பாஸின் நிறப்பார்வையைச் சோதித்தார்கள். சிவப்பும் பச்சையும் அதற்கு நன்றாகத் தெரிகிறது. பளிச் மஞ்சள்பச்சையையும் வெள்ளையையும் குழப்பிக்கொள்கிறது, நீலத்தையும் கறுப்பையும் குழப்பிக்கொள்கிறது. ஆகவே அலமாரி நிறைய நாற்பது நிறம் என்பது மனிதக் கண்ணுக்கு வீசிய தூண்டில். டெக்சாஸில் பாஸின் அன்றாடச் சாப்பாடு ஷாட் என்ற வெள்ளி நிற மீன். வெள்ளையில் ஒன்று, பச்சை முதுகில் ஒன்று, கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பில் ஒன்று, முடிந்தது. ராசியான லூர் (பொம்மை இரை), பௌர்ணமிக்குக் கடிக்காது, கிளம்பும்போது யாரோ எங்கே என்று கேட்டுவிட்டார்கள் வகையறாக்களை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், லக்கேஜ் எடை குறையும்.

அப்புறம் செலவு. முதல் பொம்மை 12, 13 செ.மீ. போதும், ஒரு பாக்கெட்டில் நாலைந்து வரும். அதற்குள் செருக, வயிற்றில் ஈயம் பிடித்த அகல வளைவு முள், 14 கிராம் அளவு. மொத்தம் 30 கிராம் சுமாருக்கு நிற்கும். உங்களிடம் இருக்கும் மீடியம் ஹெவி ராடின் கைப்பிடிக்கு மேல் எவ்வளவு எடை வரை வீசலாம் என்று அச்சிட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதவரை புது ராடு வாங்க வேண்டாம். தாண்டினால் ராடு நுனி போகும், அது இரட்டைச் செலவு. லைன் 20 பவுண்டு தாங்கும் மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான். பல இழை பின்னிய பிரெய்டை விட மலிவு, கொஞ்சம் நீளும், பெரிய மீன் தலையை உதறும்போது அந்த நீட்சி முள்ளைக் காப்பாற்றும்.

முள்ளை நட்டநடுவில் செருகுவதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இரண்டு மி.மீ. விலகினாலும் உடம்பு சாயும், ஒரு பக்கச் சுழலே ஜெயிக்கும், வால் ஒருபக்கமாக ஒட்டிக்கொள்ள மொத்தப் பொம்மையும் திருகிக்கொண்டு வரும். பாக்கெட்டில் மடங்கிய வாலையும் அப்படியே போடாதீர்கள், சுடுதண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு நிமிர்த்தி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்தால் நேராகிவிடும். வேறு வேறு வகைப் பிளாஸ்டிக் லூர்களை ஒரே டப்பாவில் கலந்து வைத்தால் இளக்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கசிந்து எல்லாம் பிசினாகும்.

வேகம்தான் இலவசமாகக் கிடைக்கும் பெரிய விஷயம். ஒரு சுற்றுக்கு 65 செ.மீ. இழுக்கும் ரீல் என்றால், நொடிக்கு 40 செ.மீ. என்பது ஒரு சுற்றுக்கு ஒன்றரை நொடிக்கும் மேல். புதிதாகத் தொடங்குபவர் நொடிக்கு இரண்டு சுற்று சுற்றுவார், வால் பதின்மூன்று முறை அடிக்கும். அந்த அளவு மீன் உயிருக்குப் பயந்து ஓடும்போதுதான் அப்படி அடிக்கும், சாவகாசமாகப் போகும்போது இல்லை. எனவே நல்ல பொம்மைக்கு ஒரே பரீட்சை, எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் வால் ஆடுகிறதா என்பது. குளிர்காலத் தண்ணீரில் இந்தப் பிளாஸ்டிக் விறைக்கும், அப்போது இன்னும் மென்மையான வால் வேண்டும். கிளம்புமுன் உங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில், முள்ளை எடுத்துவிட்டு, அசோசியேஷன் செயலாளர் எழுந்திருக்கும் முன் சோதித்துப் பார்க்கலாம்.

நூறு டாலருக்கு மேல் விற்கும், மூட்டு வைத்த மரப் பொம்மைகள் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அவை வாலடிப்பதில்லை, இடமும் வலமும் சறுக்கி வருபவை, கண்ணைக் கவர்வதற்கானவை. அந்தச் சறுக்கலுக்கு ஈயத்தை இழை பிசகாமல் பொருத்துகிற கைவேலை உண்மையிலேயே அருமை. முதல் வருஷத்தில் மரக்கிளையில் சிக்கவைத்துத் தொலைப்பதற்கு அது வேண்டாம், அவ்வளவுதான்.

பாஸ் மேல் ஆசை வந்து குஞ்சு கொண்டுவந்து நம் ஏரியில் விடலாமா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் விட்டார்கள், அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. உலக சாதனை பாஸ்களில் ஒன்று, 10 கிலோவுக்கும் சற்று மேல், 2009இல் பீவா ஏரியில் பிடிபட்டது. இன்று அங்கே அது சட்டப்படி ஒழிக்க வேண்டிய அந்நிய மீன். நம் ஏரிகளில் ஆப்பிரிக்கக் கெளுத்தி செய்யும் அட்டகாசமே போதும்.

டல்லாஸில் இறங்கியதும் நன்னீர் மீன்பிடி உரிமம் வாங்குங்கள், பிறகு கிழக்கே லேக் ஃபோர்க். 18.18 பவுண்டு, அதாவது 8 கிலோவுக்கு மேல் எடையுள்ள டெக்சாஸ் மாநில சாதனை பாஸ் 1992 ஜனவரியில் அங்கேதான் பிடிபட்டது. அந்த ஏரியில் 16 அங்குலத்தில் இருந்து 24 அங்குலம் வரையுள்ள பாஸை வைத்துக்கொள்ளக் கூடாது, திருப்பி விட வேண்டும், எனவே பையில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். ஜனவரியில் இருந்து மார்ச்சுக்குள் 13 பவுண்டுக்கு மேல் ஒன்று மாட்டினால் உயிரோடு வைத்திருந்து மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறைக்கு போன் போடுங்கள், வந்து வாங்கிப்போய் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு பிறகு ஏரியிலேயே விட்டுவிடுவார்கள்.